ஏழாம் நம்பரும் ஒரு கோணிப்பையும்

"பதினொண்ணு," என்றது போன்.

டாக்டர் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். காலை மணி ஏழு பத்து.

"என்ன பதினொண்ணு, அத்தான்?"

"கோழி. பத்து செத்துக் கிடக்கு, ஒண்ணு ஆளையே காணோம். உன் ஆளு வந்து விருந்து சாப்பிட்டுப் போயிருக்கு. கொழுந்தியா வளர்த்த பிள்ளையாச்சே, வாசல்ல நின்னு வரவேற்காம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோ."

"எதையும் தொடாதீங்க. வரேன்."

"தொடக் கூடாதா? இது என்ன கொலை கேஸா?"

"ஆமா," என்று சொல்லி டாக்டர் போனை வைத்தாள்.

அவள் மனிதர்களுக்கு டாக்டர் அல்ல, விலங்குகளுக்கு. அதிலும் கடந்த மூன்று வருடமாக ஒரே ஒரு விலங்குக்கு. வெருகு. பூனையின் நீளம், கீரியின் உடம்பு, அணிலின் வேகம். பழுப்பு ரோமம் பட்டுப் போல அடர்ந்திருக்கும். அந்த ரோமம்தான் அதற்கு எமன். கோட்டுக் காலருக்காகவும் கையுறைக்காகவும் பொறி வைத்துப் பிடித்தே அந்த வட்டாரத்தில் கடைசி வெருகையும் தீர்த்திருந்தார்கள். அதே காலத்தில் காட்டையும் வெட்டித் தீர்த்தார்கள். பிறகு புத்தி வந்து காட்டை வளர்த்தார்கள். காடு வளர்ந்தது. ஆனால் உள்ளே எலியும் அணிலும் வைத்ததுதான் சட்டம். இளம் மரங்களின் பட்டையை வளையமாகக் கடித்துப் போட்டன. நட்ட கன்றில் பாதி நின்ற இடத்திலேயே காய்ந்தது. காடு திரும்பி வந்துவிட்டது, காட்டின் போலீஸ்காரன் மட்டும் டியூட்டிக்கு வரவில்லை என்று டாக்டர் ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். நாற்பது நாளைக்கு முன்னால் தூர மாகாணத்திலிருந்து ஒன்பது வெருகுகள் வந்து இறங்கின.

இன்றைக்கு இன்னும் எட்டு வருகின்றன. லாரி விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டது. மாலை நாலு மணிக்கு வந்து சேரும்.

டாக்டரின் கவலை அதுதான். ஊரோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: வளர்ப்புப் பிராணிக்குச் சேதம் வந்தால் அனுமதி அந்த நிமிடமே நிற்கும், ஊர்க் கூட்டம் மறுபடி கூடி முடிவெடுக்கும். கூட்டம் ஏற்கெனவே இரண்டு மணிக்கு இருந்தது. அறிக்கை வாசித்துவிட்டு எழுந்து போகும் கூட்டமாக இருந்திருக்க வேண்டியது. இப்போது அது தீர்ப்புச் சொல்லும் கூட்டம். லாரியைத் திருப்பி அனுப்பினால் பெட்டிக்குள் இன்னொரு பதினோரு மணி நேரம். எட்டில் எத்தனை உயிரோடு ஊர் திரும்பும் என்று டாக்டருக்குத் தெரியும். அந்த எண்ணை வாயால் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது. நின்றது என்பதே அபூர்வம். அதை ஓட்டுகிறவருக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் அண்ணன். வண்டியில் அவர் நம்பாத ஒரே பாகம் அது.

"டாக்டர், கேள்விப்பட்டேன். ஊரே கேள்விப்பட்டாச்சு. டீக்கடையில உங்க வெருகு இதுக்குள்ள புலி சைஸ் ஆயிடுச்சு."

"புலி ஆகிறதுக்குள்ள போயிடலாம் அண்ணே. வண்டிய எடுங்க."

பண்ணை காட்டோரத்தில், ஊரின் கடைசி வளைவில் இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கோழிக்கூடம், அதன் ஒரு கோடியில் அதே கூரையின் கீழ் தீவனக் கிடங்கு, முற்றத்துக்கு எதிரே வீடு. அக்கா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி வாசலில் நின்றிருந்தாள். தங்கையைப் பார்த்ததும், "முகத்தப் பாரு, டீ கூடக் குடிக்கல போல," என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். அக்காவின் கோபம் டம்ளரோடு வரும் ஜாதி.

அத்தானின் கோபம் அப்படியில்லை.

"வா. வந்து பாரு. முதல் கூட்டத்துல ஊர்ல ஒருத்தனும் வாயத் திறக்காதப்போ எழுந்து நின்னு 'விடுங்க, ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னது யாரு? நான். எனக்குப் பின்னாலதான் மீதிப் பத்துப் பண்ணைக்காரனும் கையெழுத்துப் போட்டான். இப்போ முதல் அடி யாருக்கு? எனக்கு. மத்தியானம் அந்தக் கூட்டத்துல என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கிறது?"

"மூஞ்சி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் அத்தான். கதவத் திறங்க."

கூடத்தின் உள்ளே மீதிக் கோழிகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. பத்துக் கோழிகள் மரத்தூள் மேல் வரிசையாக இல்லாமல், கிடந்த இடத்திலேயே கிடந்தன. டாக்டர் கையுறை மாட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் கடி. பிடரி. சுத்தமான வேலை. நாய் என்றால் கிழித்துப் போட்டிருக்கும். நரி என்றால் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"வெருகுதான்," என்றாள்.

பிரேக் அண்ணன் அவள் காதருகே குனிந்தார். "டாக்டர், நாய்னு எழுதிடுங்க. நாய்க்கு வக்கீல் கிடையாது."

அக்கா கொண்டுவந்த டீயில் ஒரு வாய் குடிக்கும் நேரம் வரைக்கும் டாக்டர் அதை யோசித்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. எட்டு உயிர். ஒரே ஒரு வார்த்தை. டீ தொண்டையில் இறங்கியதும் தலையை ஆட்டினாள்.

"நாய்னு எழுதலாம் அண்ணே. நாளைக்கு மறுபடி வந்தா என்ன எழுதுறது, அதே நாய்னா?"

"அதெல்லாம் கிடக்கட்டும்," என்று அத்தான் குறுக்கே வந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லு. எப்படி உள்ள வந்துச்சு? நீங்க போட்ட வலைதானே? நான் விடிஞ்சதும் டார்ச் அடிச்சுச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டேன். ஒரு கம்பி அறுபடல. ஒரு ஆணி கழலல. கதவு பூட்டினது பூட்டினபடி இருக்கு. உன் வெருகு சாவி வெச்சிருக்கா?"

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

நல்ல கேள்வி. பதினோரு பண்ணையின் கோழிக்கூடங்களுக்கும் வெருகு வருவதற்கு முன்பே திட்டத்தின் செலவில் வலை அடித்தாயிற்று. நுழைய முடியாத அளவுக்குப் பொடிக் கண்ணி. அவளே ஒவ்வொரு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கூரையின் விளிம்பு, கதவடி, ஜன்னல். இப்போது மறுபடி பார்த்தாள். அத்தான் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பூட்டிய அறை. உள்ளே பத்துப் பிணம். கொலையாளி ஆவியாகிப் போயாயிற்று.

அவளுக்கு மூக்கு வியர்த்தது. பயத்தில் அல்ல. இந்த மாதிரி நேரத்தில்தான் அவள் மூளை உற்சாகமாக வேலை செய்யும்.

"அண்ணே, காட்டோரக் கம்பத்துக்குப் போகலாம்."

கம்பம் என்பது திட்டத்தின் கண். வெருகுகளின் மார்பில் வெண்ணெய் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். நம் கைரேகை மாதிரி, ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. அதைப் படம் பிடிக்க ஒரு தந்திரம். தரையில் ஒரு கம்பத்தை நட்டு, எழுந்து நின்றால்தான் எட்டும் உயரத்தில் ஒரு துண்டு இறைச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வெருகு வரும். பின்னங்காலில் எழுந்து நிற்கும். எதிரே இருக்கும் காமிரா, மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கும் அதன் படத்தை எடுத்துவிடும், பாஸ்போர்ட்டுக்குப் போஸ் கொடுத்த மாதிரி. பண்ணைக்கும் காட்டுக்கும் நடுவே முந்நூறு அடியில் அப்படி ஒரு கம்பம் இருந்தது. இறைச்சியைப் பிரேக் அண்ணன் தினமும் மாற்றிக் கட்டினார், ஆனால் அதன் படங்களை யாரும் பதினைந்து நாளாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய ஆள் டாக்டர்தான். அறிக்கை எழுதுகிற மும்முரத்தில் விட்டுவிட்டாள்.

ஜீப்பின் முகப்பில் லேப்டாப்பை வைத்துக் கார்டைச் சொருகினாள். அத்தானும் கூடவே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

முதல் படத்திலேயே ஆள் அகப்பட்டாள். மார்பில் உடைந்த குடை போல ஒரு திட்டு, அதன் கீழே இரண்டு சொட்டு.

"ஏழாம் நம்பர்," என்றாள் டாக்டர். குரல் கொஞ்சம் இறங்கியது. "பொண்ணு."

"பொண்ணா? அதான் வேலை இவ்வளவு சுத்தமா இருக்கு," என்றார் பிரேக் அண்ணன்.

அடுத்த படம். அதற்கடுத்தது. தினமும் இரண்டு. மாலை ஆறு, ஆறரை வாக்கில் ஒன்று. விடியற்காலை ஐந்தரை வாக்கில் ஒன்று. இறைச்சியை எட்டிப் பறித்துவிட்டு நாலு காலில் இறங்கி நடந்து போகும் படமும் இருந்தது. அத்தான் விரலை நீட்டினார்.

"பாரு, சாயங்காலம் என் பண்ணைக்குக் கிளம்பறா. காலையில காட்டுக்குத் திரும்பறா. ரெகுலர் டியூட்டி."

"இருங்க." டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு லேப்டாப்பை விட்டுவிட்டுக் கம்பத்தருகே ஓடினாள். காமிரா பக்கத்தில் நின்றுகொண்டு இடது கையையும் வலது கையையும் நீட்டிப் பார்த்தாள், போக்குவரத்து போலீஸ் மாதிரி.

"அத்தான், இந்தக் காமிராவுக்கு இடது பக்கம் என்ன இருக்கு?"

"காடு."

"வலது பக்கம்?"

"என் பண்ணை."

"சாயங்காலப் படத்துல அவ மூக்கு எந்தப் பக்கம்?"

அத்தான் திரையைப் பார்த்தார்.

"இடது."

"காலையில?"

"வலது."

டாக்டர் மெதுவாக நடந்து வந்தாள். "அவ காட்டுலேர்ந்து உங்க பண்ணைக்கு வரல அத்தான். உங்க பண்ணையிலேர்ந்து காட்டுக்கு வேலைக்குப் போறா. முடிச்சுட்டு வீட்டுக்குத் திரும்பறா. பதினஞ்சு நாளா."

"வீட்டுக்குன்னா?"

"இன்னிக்குக் காலைப் படத்துலயும் மூக்கு வலதுதான்." டாக்டர் பண்ணையின் தகரக் கூரையைப் பார்த்தாள். "அவ இப்பவும் உள்ளதான் இருக்கா."

அத்தான் முதல் ஆளாக ஜீப்பில் ஏறினார்.

திரும்பி வந்த வேகத்தில் பிரேக் அண்ணன் தன் பெயரை நியாயப்படுத்தினார். டாக்டர் நேராகக் கூடத்துக்குள் போய், இந்த முறை வெளிச்சுவரைப் பார்க்கவே இல்லை. கிடங்குக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த பலகைச் சுவரைப் பார்த்தாள். வலை அடிக்காத ஒரே சுவர். அது உள்சுவர்தானே, அந்தப் பக்கம் கோழி இல்லையே என்று விட்ட சுவர். மேலே, பலகை கூரையைத் தொடும் இடத்தில் நாலு விரல் சந்து. அதில் நீட்டிக்கொண்டிருந்த ஆணித் தலையில் பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து ரோமம்.

"கோழி இருக்கிற இடத்துக்கெல்லாம் வலை போட்டேன்," என்றாள் யாரிடமும் இல்லாமல். "கிடங்குல கோழி இல்லையேன்னு விட்டேன். கூரையில வெளிச்சம் தெரியற அளவுக்கு ஓட்டை. முன்வாசலைப் பூட்டிட்டு அடுப்படிக் கதவத் திறந்து வெச்ச கதை."

வாசலில் நின்ற அக்கா திடீரென்று சொன்னாள்: "அதான் எலிச் சத்தமே இல்ல!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"கிடங்குல ராத்திரியானா எலி கபடி ஆடும். மூட்டைக்கு மூட்டை ஓட்டை. பத்து நாளா ஒரு சத்தம் இல்ல. நானும் இவர் வெச்ச மருந்துதான் வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

"நான் மருந்தே வெக்கலியே," என்றார் அத்தான்.

"எலியெல்லாம் தீர்ந்துடுச்சு," என்றாள் டாக்டர். "அதான் விடியற்காலையில திரும்பி வந்ததும் அடுத்த ரூம எட்டிப் பார்த்திருக்கா."

மணி பத்து. டாக்டர் உத்தரவு போட ஆரம்பித்தாள். அவள் உத்தரவு போடும்போது அத்தான் கூட எதிர்க் கேள்வி கேட்பதில்லை. பிரேக் அண்ணன் ஏணி வைத்து ஏறிக் கூரை ஓட்டையை வெளியிலிருந்து தகரத்தால் அடைத்தார். அத்தான் பலகைச் சந்தில் கட்டையை அடித்தார். டாக்டர் ஜீப்பிலிருந்து மரப் பெட்டியை இறக்கினாள். ஒரு பக்கம் மட்டும் சறுக்குக் கதவு, உள்ளே கும்மிருட்டு. மூவரும் கிடங்குக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்கள்.

தீவன மூட்டைகளுக்கு மேலே பரண். பரணில் காலிக் கோணிப்பைகள் மெத்தை மாதிரி குவிந்திருந்தன. டாக்டர் ஏணியில் நாலு படி ஏறி டார்ச்சைக் கையால் மூடி, விரலிடுக்கு வழியாக வெளிச்சத்தைக் கசியவிட்டாள்.

குவியலின் நடுவே ஒரு குழி. குழிக்குள் வாலை மூக்குக்கு மேல் போர்த்திக்கொண்டு ஏழாம் நம்பர் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பதினோராவது கோழி, பாதி.

டாக்டர் அசையவில்லை. அவள் பார்வை விலங்கின் மேல் இல்லை. கோணிப்பையின் மேல் இருந்தது.

நாற்பது நாளைக்கு முன்னால் நடந்தது, நேற்று நடந்தது போல வந்து நின்றது. ஒன்பது வெருகுகளையும் காட்டுக்குள் கூண்டில் ஐந்து நாள் வைத்துப் பழக்கினார்கள். மற்ற எட்டும் சாப்பிட்டன. ஏழாம் நம்பர் மட்டும் தோலுரித்த இறைச்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கண் செருகிவிட்டது. திட்டத்தின் விதி: கோழி கூடாது, இறகோடு எதுவும் கூடாது. விதியை எழுதியவள் டாக்டர். மீறியவளும் அவளே. அத்தானின் பண்ணைக்கு ஓடி வந்து ஒரு கோழியை வாங்கி, அறுத்த சூட்டோடு, இங்கே கிடந்த ஒரு கோணிப்பையில் சுற்றிக்கொண்டு போய்க் கூண்டில் போட்டாள். ஏழாம் நம்பர் இறகோடு தின்றாள். குளிராக இருக்கிறதே, இதமாக இருக்கட்டும் என்று கோணிப்பையையும் உள்ளேயே விட்டாள். கூண்டைத் திறந்த பிறகும் இரண்டு வாரம் ஏழாம் நம்பர் அதில்தான் வந்து தூங்கினாள். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பி, பெருமைப்பட்டுக்கொண்டாள்.

வயிறு நிறைந்தது இந்த வாசனையில். தூக்கம் வந்தது இந்த வாசனையில். பதினோரு பண்ணையில் இந்தப் பண்ணைக்கு ஏன் வந்தாள் என்று கேட்க வேண்டியதே இல்லை. முகவரியை எழுதிக் கையில் கொடுத்ததே டாக்டர்தான்.

"என்ன டாக்டர், செத்துப் போச்சா?" என்று கீழேயிருந்து கிசுகிசுத்தார் பிரேக் அண்ணன்.

"இல்லண்ணே. குற்றவாளியப் பிடிச்சுட்டேன். நான்தான்."

அடுத்த நினைவு அதைவிட மோசம். அந்த வெற்றியில் மயங்கி விதியையே திருத்தியிருந்தாள். 'ஏழாம் நம்பர் முறை' என்று தலைப்புப் போட்டு, சாப்பிட மறுக்கும் விலங்குக்கு முழுக் கோழி, படுக்கக் கோணிப்பை. முன்ஜாக்கிரதையாக எட்டுக் கோணிப்பையை மூன்று வாரம் முன்பே பார்சலில் அனுப்பியாயிற்று. இந்தப் பரணிலிருந்து, அத்தான் கையால் எடுத்துக் கொடுத்து. அந்த எட்டும் இப்போது லாரியில், எட்டு வெருகுகளின் உடம்புக்கடியில் வந்துகொண்டிருக்கின்றன.

டாக்டர் ஒரு முறை ஆழமாக மூச்சிழுத்தாள். தன்னைத் திட்டிக்கொள்ள நாளைக்கு நேரம் கிடைக்கும்.

"லைட்டெல்லாம் போடுங்க அத்தான். எல்லா லைட்டும். பயந்த வெருகு வெளிச்சத்துக்கு ஓடாது, இருட்டத் தேடும். இந்த அறையில இருட்டு இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கணும்."

மூன்று குழல் விளக்கும், ஜீப்பின் கைவிளக்கும் ஒன்றாக எரிந்தன. பரண்மேல் பெட்டியை வைத்து, வாயைக் குவியலோடு சேர்த்து, அத்தான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். டாக்டர் கோணியின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

ஏழாம் நம்பர் கண்ணைத் திறந்தாள். அரை வினாடி அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. பெட்டியைத் தாண்டி, அத்தானின் தோளில் ஒரு கால், தலையில் ஒரு கால், உத்தரத்தில் நாலு கால்.

"என் தலைமேல ஏறிடுச்சு! ஏறிடுச்சுடி!" என்று அத்தான் கண்ணை மூடிக்கொண்டு மனைவியை அழைத்தார்.

"பெட்டிய விடாதீங்க! அசையாதீங்க!"

"நான் அசையல! என் கால்தான் அசையுது!"

உத்தரத்தில் இரண்டு சுற்று. கூரை ஓட்டையை முட்டிப் பார்த்தாள், அடைத்திருந்தது. சந்தை முட்டிப் பார்த்தாள், கட்டை. எங்கு திரும்பினாலும் வெள்ளை வெளிச்சம். கடைசியில், வந்த வழியிலேயே அத்தானின் தலைமேல் இறங்கி, தலைகீழாகத் திரும்பி, பெட்டியின் இருட்டுக்குள் புகுந்தாள். டாக்டர் கதவைச் சறுக்கினாள். டக்.

அத்தான் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ரத்தம் இல்லை. பிறகு பெட்டியின் காற்றுத் துளை வழியாக உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவு சின்னதா இருக்கு," என்றார். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

டாக்டர் ஏணியிலிருந்து இறங்காமலே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். கோழி, கோணிப்பை, லாரியில் வரும் எட்டு. ஒன்றையும் விடவில்லை. அத்தான் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி ஜீப்பில் கொண்டுபோய் வைத்தார்.

ஊர்க் கூட்டம் நடக்கும் மண்டபம் ஒரு காலத்தில் ரோமக் கிடங்கு. தோல்களைத் தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் சுவரில் வரிசையாக இருந்தன. மழைக்கோட்டு மாட்ட வசதியாக இருக்கிறதென்று யாரும் பிடுங்கவில்லை. இரண்டு மணிக்கு உட்கார இடமில்லை. பதினோரு பண்ணைக்காரர்களும் முதல் வரிசையில். தலைவர் நாற்காலியில் மருந்துக் கடைக்காரம்மா. மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரிதான் எதையும் பேசுவாள்: என்ன, எவ்வளவு, எத்தனை நாளைக்கு.

டாக்டர் அறிக்கையை எடுக்கவே இல்லை. எழுந்து நின்றாள்.

"பதினோரு கோழியக் கொன்னது எங்க ஏழாம் நம்பர் வெருகு. நாய் இல்ல, நரி இல்ல. கிடங்குல வலை போடாம விட்டது என் தப்பு. கோழி வாசனையப் பழக்கினது அதைவிடப் பெரிய தப்பு, அதுவும் என்னுதுதான்." கோணிப்பைக் கதையை முழுவதும் சொன்னாள்.

மண்டபம் கொதித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆளக் கூட்டிட்டு வந்ததும் நீங்க, படுக்க மெத்தை போட்டதும் நீங்க! சம்பளமும் குடுத்துடுங்க!" சிரிப்பு. இன்னொரு பண்ணைக்காரர் எழுந்தார்: "லாரியத் திருப்பி அனுப்புங்க. ஒண்ணுக்கே இந்தக் கூத்து. எட்டு வந்தா?"

"உட்காருங்க," என்றாள் மருந்துக் கடைக்காரம்மா. கண்ணாடிக்கு மேலாக டாக்டரைப் பார்த்தாள். "நாய்னு சொல்லியிருந்தா நாங்க நம்பியிருப்போமே, டாக்டர்?"

"நம்பியிருப்பீங்க. சாயங்காலம் எட்டுக் கூண்டுக்குள்ளயும் அந்தக் கோணிப்பை போயிருக்கும். அடுத்த மாசம் எட்டுக் கிடங்குல எட்டு நாய் வந்திருக்கும்."

"இப்போ என்ன செய்யப் போறீங்க? எத்தனை நாள்ல?"

டாக்டரின் குரலில் தடுமாற்றம் இல்லை. "லாரி வந்ததும் பழைய படுக்கைய எடுத்துடுவேன். காட்டுச் சருகு மட்டும்தான் போடுவேன். வெருகு முதல் அஞ்சு நாள் கூண்டுக்குள்ளதான் இருக்கும், வெளிய வராது. அந்த அஞ்சு நாளுக்குள்ள பதினோரு பண்ணையோட தீவனக் கிடங்குக்கும் வலை அடிச்சு முடிப்பேன். ஏழாம் நம்பர ஆத்துக்கு அந்தப் பக்கம், பண்ணையே இல்லாத மலையில விடுவேன். மத்த எட்டும் நாப்பது நாள்ல ஒரு பண்ணை வாசலக் கூட மிதிக்கல; எல்லாக் கம்பத்துப் படமும் மேஜை மேல வெச்சிருக்கேன். வெருகு தப்புப் பண்ணல. நாங்க சொல்லிக் குடுத்தத சரியா கத்துக்கிச்சு. இனி சரியானத சொல்லிக் குடுப்போம்."

மருந்துக் கடைக்காரம்மா படங்களைப் புரட்டினாள். பிறகு முதல் வரிசையைப் பார்த்தாள். "கோழி போனது ஒருத்தருக்கு. அவர் சொல்லட்டும். அவர் வேணாம்னா லாரி திரும்பும்."

அத்தான் எழுந்தார்.

"எனக்குக் கோபம் இருக்கு," என்றார் அத்தான். "நிறைய இருக்கு. பத்துக் கோழி போச்சேன்னு இல்ல, பதினோராவதப் பாதி தின்னுட்டு மிச்சம் வெச்சிருக்கே, அதுக்கு." யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என் கொழுந்தியா ஒண்ணும் பொய் சொல்லத் தெரியாத ஆளு இல்ல. சின்னதுல தட்ட உடைச்சுட்டுப் பூனை மேல பழிய போட்டவதான், என் பொண்டாட்டி சாட்சி. இன்னிக்கு நாய் மேல போட வழி இருந்துச்சு. போடல. அப்படிப்பட்டவ அஞ்சு நாள்னு சொன்னா நான் நம்பறேன்."

அவர் உட்காரப் போய், மறுபடி நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. வலைய அவளே அடிக்கணும். ஆள் வெச்சு இல்ல. அவ கையால."

"அடிக்கிறேன்," என்றாள் டாக்டர்.

"அஞ்சாவது நாள் மத்தியானம் நான் வந்து பார்ப்பேன்," என்று மருந்துக் கடைக்காரம்மா எழுதிக்கொண்டே சொன்னாள். "பதினோரு கிடங்குல ஒரு சந்துக்குள்ள என் சுண்டு விரல் போனாலும் கூண்டு திறக்காது. லாரி உள்ள வரலாம்."

லாரி நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்தது. காட்டு வாசலில் முதல் பெட்டியிலிருந்த வெருகு கூண்டுக்கு மாறியதும், அத்தான் முழங்கை வரைக்கும் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டுக் கோணியை உருவினார். "ஒண்ணு," என்றார். அடுத்த பெட்டி. "ரெண்டு." எட்டு வரைக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். கூண்டுகளில் சருகு போட, மண்டபத்தில் லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்ன அந்தப் பண்ணைக்காரரே இரண்டு கூடை தூக்கிக்கொண்டு வந்தார். "சும்மா பார்க்கத்தான் வந்தேன்," என்றார், யாரும் கேட்காமலே.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெளிச்சம் இருக்கும்போதே ஏழாம் நம்பரின் பெட்டியைத் திறந்தார்கள். அவள் மூக்கை மட்டும் நீட்டினாள். காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடைபோட்டாள். ஒரே தாவலில் மரத்தில் ஏறி, அடுத்த மரம், அதற்கடுத்த மரம். கிளை ஆடி நின்றபோது ஆளில்லை. தூரத்தில் ஒரு அணில் அலறியது.

"போலீஸ் டியூட்டியில சேர்ந்தாச்சு," என்றார் பிரேக் அண்ணன்.

அடுத்த ஐந்து நாள் டாக்டரின் இரண்டு கட்டைவிரலும் சுத்தியலுக்கு இரையாயின. ஐந்தாவது நாள் மத்தியானம் மருந்துக் கடைக்காரம்மா ஒவ்வொரு கிடங்காகப் புகுந்து, சுண்டு விரலை நீட்டிக்கொண்டு, சந்து தேடிச் சந்து தேடித் தோற்றுப்போனாள். கடைசிக் கிடங்கு அத்தானுடையது. டாக்டர் இன்னும் ஏணியிலேயே இருந்தாள், கடைசி மூலையில் கடைசி ஆணி. கீழே அத்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"திறக்கலாம்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் மருந்துக் கடைக்காரம்மா.

அவள் போனதும் அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"கொழுந்தியா."

"சொல்லுங்க அத்தான்."

"நேத்து ராத்திரி கிடங்குல மறுபடி எலிச் சத்தம். வலை போடறதுக்கு முன்னாலயே உள்ள புகுந்தது போல. உங்கக்கா தூங்கவே இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஏழாம் நம்பர்... ஒரு ரெண்டு நாளைக்கு மட்டும் லீவு போட்டுட்டு இந்தப் பக்கம் வர முடியுமா?"

"பூனை வளருங்க அத்தான்," என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆணியில் ஓங்கி அடித்தாள்.